ஆரக்காலில் ஆறு பொட்டு

"ஆளை மட்டும் காட்டுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேனுங்க."

செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடை மாடியில் இருந்த யாகப்பனின் துப்பறியும் ஆபீசில் உட்கார்ந்து பாவாயி இதைச் சொன்னபோது அவள் குரல் உயரவே இல்லை. அழுகையெல்லாம் கருமாதியோடு தீர்ந்துபோயிருந்தது. இப்போது அவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். தன் புருஷன் செல்லமுத்துவைக் கொன்றவன் எவனோ, அவன் நாசமாய்ப் போகவேண்டும். அதைக் கிட்ட நின்று கண்குளிரப் பார்க்கவேண்டும். அதற்கப்புறம் தன்னை எமன் கொண்டுபோனாலும் சரி என்று இருந்தாள்.

"போலீஸ்ல ஆக்சிடெண்டுன்னு எழுதிட்டாங்களேம்மா" என்றார் யாகப்பன். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"அதோட உட்டாங்களா? குடிச்சுப்போட்டு விழுந்தார்னும் எழுதியிருக்காங்க. எங்கூட்டுக்காரர் காப்பித்தண்ணிகூடக் குடிக்கமாட்டாருங்க."

"மதுவிலக்கு ஜில்லாவிலே குடிச்சான்னு எழுதினா, எங்கே கிடைச்சுதுன்னும் சேர்த்து எழுதணும்" என்றான் யாகப்பனின் உதவியாளன் உபகாரசாமி. உடம்பு பெரிது, வாய் அதைவிடப் பெரிது. "எழுதியிருந்தா நாலு பேருக்கு உபயோகமா இருந்திருக்கும்."

யாகப்பன் முறைத்தார். உபகாரசாமி தன் வாயில் தானே சிலுவை போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாவாயிக்குப் பின்னால் நின்றிருந்த அவள் தம்பி நாச்சிமுத்துதான் மிச்சக் கதையைச் சொன்னான். புதுச்சத்திரத்தில் சென்னிமலை என்பவருக்குக் குச்சிக்கிழங்கு அரைத்து ஜவ்வரிசி செய்யும் மில் இருக்கிறது. செல்லமுத்து அங்கே மேஸ்திரி, நாச்சிமுத்து அங்கேயே வயர்மேன். மில் கழிவுத் தண்ணீர் இறங்கி இந்த அக்கா தம்பியின் அப்பனுடைய கிணறு நாறிப்போய், வெள்ளாமை கருகி, மனசொடிந்த கிழவர் அந்தக் கிணற்றிலேயே விழுந்து செத்தார். கழிவுக்கு வேறு வாய்க்கால் வெட்டச் சொல்லி, போன மாசம் செல்லமுத்து பத்துப்பேர் நடுவில் முதலாளியை நிற்கவைத்துக் கேட்டான். ஆயுத பூஜை அன்று, நின்றிருந்த அரவைச் சக்கரத்துக்குச் சந்தனப் பொட்டு வைக்கப் போனவனைச் சக்கரம் இழுத்துக்கொண்டது.

"நின்ன சக்கரம் தானா சுத்துமா சார்? மச்சான் கையை உள்ளே விட்டதும் எவனோ மோட்டாரைப் போட்டிருக்கான். போடச் சொன்னது சென்னிமலை. அக்காகிட்ட நான் தினமும் சொல்றேன், இதை விடக்கூடாதுன்னு."

தினமும் சொன்னது உண்மை. பாவாயி சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் நாச்சிமுத்து எதிரில் வந்து உட்கார்ந்து சென்னிமலை பெயரை எடுப்பான். அவளுக்கும் அது பசிக்குப் பதிலாக இருந்தது.

"கிட்ட இருந்து பார்த்தவங்க யாரு?" என்று கேட்டார் யாகப்பன்.

கிழங்குத் தோல் சீவும் கண்ணாத்தாள்தான் அன்று சந்தனக் கிண்ணத்தோடு செல்லமுத்துவுக்குப் பின்னால் வந்தவள். அவள் போலீசில் சொன்னது இதுதான். சக்கரம் நின்றிருந்தது. அதன் ஆறு ஆரக்காலிலும் ஏற்கெனவே பொட்டு இருந்தது. 'அண்ணா, இதுக்குத்தான் வெச்சாச்சே' என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் என்ன செய்தார் தெரியுமோ? சக்கரத்தைப் போய்ப் பார்த்தார். ஒரே ஒரு ஆரக்காலில்தான் பொட்டு இருந்தது. காலையில் சக்கரத்தைக் கழுவித் துடைத்தபோது, அது முடிந்ததற்கு அடையாளமாகச் செல்லமுத்தே வைத்த பொட்டு; பூஜைப் பொட்டு அல்ல. அந்தப் பொம்பிளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

யாகப்பன் சிரிக்கவில்லை. "பொய் சொல்ல வந்தவ முதலாளி தள்ளினாருன்னு சொல்லியிருப்பா. அஞ்சு பொட்டைக் கூட்டிச் சொல்ல எவளும் மெனக்கெடமாட்டா. அவ ஆறு பொட்டைப் பார்த்திருக்கா."

"அப்ப மீதி அஞ்சு எங்கே போச்சுண்ணே?"

"அதைத் தேடித்தான் போறோம். நாளைக்குக் காலையில பஸ்ஸுக்குக் கிளம்பு."

*

மறுநாள் காலையில் புதுச்சத்திரம் மில் வாசலில் இறங்கியதுமே புளித்த கிழங்குத் தண்ணீரின் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. பாவாயி பிறந்ததிலிருந்து அறிந்த ஊர், ஆனால் இந்த நாற்றத்தை அவள் மூக்கு இன்னும் மன்னிக்கவில்லை. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சென்னிமலையைக் கண்டதும் அவளுக்கு உள்ளங்கை அரித்தது. மனுஷன் எழுந்து நின்று கும்பிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அரவைக் கூடத்தில் சல்லடை மிஷின்கள் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேச்சுகூடச் சரியாகக் காதில் விழாது. மூலையில் அந்தச் சக்கரம் தனியாக நின்றது. சாவு விழுந்ததிலிருந்து அதை யாரும் தொடவில்லை. சக்கரத்தை ஓட்டும் மோட்டார் சுவருக்கு அந்தப்பக்கம் தனி அறையில். சுவரில் ஒரு துவாரம் விட்டு, அதன் வழியாக பெல்ட் வருகிறது. ஜன்னலிலிருந்து வெயில் நேராகச் சக்கரத்தில் விழுந்தது. பாவாயி பார்த்தாள். ஆறு ஆரக்கால். காய்ந்துபோன ஒரு பொட்டு. அவர் விரல் பட்ட இடம்.

யாகப்பன் மேலே பார்த்தார். "கூடம் பூரா குண்டு பல்பு. இந்த மூலைக்கு மட்டும் டியூப் லைட்டா?"

"பூஜைக்காக நாந்தான் மாட்டினேன் சார், பளிச்சுன்னு இருக்கட்டும்னு" என்றான் நாச்சிமுத்து. "அன்னிக்கு ஜன்னலுக்கெல்லாம் தென்னந்தட்டி கட்டி அலங்காரம் பண்ணியிருந்தேன். உள்ளே இருட்டு."

"அதையே திரும்பக் கட்டு. லைட்டைப் போடு."

தட்டி மறைத்ததும் கூடம் இருண்டது. டியூப் லைட் இரண்டு தடவை கண்ணடித்துவிட்டு எரிந்தது. உபகாரசாமி ஈயை விரட்டக் கையை வீசியவன், வீசிய கையையே உற்றுப் பார்த்தான். மறுபடி வீசினான்.

"அண்ணே, இந்த வெளிச்சத்துல கையை ஆட்டினா எனக்குப் பத்துக் கை தெரியுது. பந்தியில இந்த லைட்டைப் போட்டா ஆளுக்குப் பத்து லட்டு வெச்சுருவான்."

யாகப்பன் அப்படியே நின்றுவிட்டார். தன் விரலை ஆட்டிப் பார்த்தார். குடையை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் உபகாரசாமியின் தோளில் தட்டி, "உன்னைச் சம்பளத்துக்கு வெச்சது இன்னிக்குத்தான் செரிச்சுது" என்றார்.

பாவாயிக்குக் கோபம் வந்தது. "வந்த வேலையைப் பாருங்க சாமி."

"அதைத்தாம்மா பார்க்கறேன். செல்லமுத்து கடைசி நாள்ல மில்லைப் பத்தி ஊட்டுல ஏதாவது சொன்னாரா?"

அவள் யோசித்தாள். பூஜைக்கு முந்தின ராத்திரி, கம்மஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. "மோட்டார்ல பெல்ட் மாட்டற புல்லியை எவனோ மாத்திப்போட்டான், சக்கரம் வேற வேகத்துல ஓடுது, பூஜை முடிஞ்சு பார்க்கோணும்னாருங்க."

"சென்னிமலை வேலைதான்க்கா அது" என்றான் நாச்சிமுத்து உடனே.

"இருக்கலாம்" என்ற யாகப்பன் எல்லோரையும் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். போகிற போக்கில் உபகாரசாமியிடம், "வெத்தலை வாங்கிட்டு வா" என்றார். உபகாரசாமிக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது, அவருக்கும் கிடையாது. ஆனாலும் அவன் தலையாட்டிவிட்டு மில்லின் பின்பக்கமாகப் போனான்.

"பூஜையிலே சக்கரத்துக்கு முதல் பொட்டு யார் வெக்கறது வழக்கம்?" என்று சென்னிமலையைக் கேட்டார் யாகப்பன்.

"நாந்தானுங்க. மில்லு ஆரம்பிச்ச வருசத்திலிருந்து மொதலாளி கையிலதான் மொதப் பொட்டு. அன்னிக்கு மேளம் ஆரம்பிச்சாச்சு, தட்டை எடுத்தாச்சு. அந்நேரம் பனமரத்துப்பட்டியில எங்க பங்காளி தவறிட்டார்னு ஆள் வந்து சொன்னானுங்க. தீட்டாயிப்போச்சு. தீட்டுக்காரன் எப்படிப் பூஜையில கைவெக்கறது? செல்லமுத்துகிட்டத் தட்டைக் குடுத்துப்போட்டு இந்த மரத்தடியிலேயே நின்னுட்டேன்."

"நல்ல சாக்கு" என்றாள் பாவாயி. அவள் வாயிலிருந்து அவரிடம் வந்த முதல் சொல் அதுதான்.

சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டார். "கெணத்து விசயத்துல நான் பாவி. அதை இல்லேங்கல. இதுல நான் இல்லைம்மா."

"சேதி வந்தது உள்ளே இருந்தவங்களுக்குத் தெரியுமா?" என்றார் யாகப்பன்.

"எப்படீங்க தெரியும்? இந்த மரத்தடியிலேயே நடந்து முடிஞ்சுது. கூடத்து வாசல்ல மேளமும் உள்ளாற ரிக்கார்டு சத்தமும் காதைப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு."

யாகப்பன் நாச்சிமுத்துவைப் பார்த்தார். "நீ எங்கப்பா இருந்தே?"

"கூடத்து வாசல்ல, மேளக்காரங்க பக்கத்துல."

"சரி. எல்லாரும் உள்ளே வாங்க."

கூடத்தில் சல்லடைகள் இரைந்துகொண்டிருந்தன. தட்டி மறைத்தபடியே இருந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் சக்கரம் அதே மூலையில் அசையாமல் நின்றது. பாவாயி எண்ணிப் பார்த்தாள். ஆறு ஆரக்காலிலும் பொட்டு இருந்தது. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் ஆறிலும் இருந்தது. சற்று முன்னால் அவள் கண்ணாலேயே ஒன்றுதான் பார்த்தாள். கண்ணாத்தாளுக்குப் புத்தி பேதலிக்கவில்லை.

"பாவாயம்மா, கிட்டப் போய் ஒவ்வொரு பொட்டாத் தொட்டுப் பாருங்க" என்றார் யாகப்பன் சாதாரணமாக.

எவன் வந்து வைத்தான் இவ்வளவு சீக்கிரம்? அவர் வைத்த பொட்டு இதில் எது? அதை மட்டும் தொடவேண்டும் என்று இருந்தது அவளுக்கு. நாலு எட்டில் போய்ச் சக்கரத்தின் முன்னால் நின்று கையை நீட்டினாள்.

"அக்கா, தொடாதே, ஓடுது!"

நாச்சிமுத்துவின் கத்தல் சல்லடை இரைச்சலையும் மீறி வந்தது. அதே நொடியில் யாகப்பனின் குடைப்பிடி அவள் முழங்கையில் கொக்கி போட்டு அவளைப் பின்னால் இழுத்தது. அவர் அவள் பக்கத்திலேயே குடையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

யாகப்பன் கூடையிலிருந்து ஒரு குச்சிக்கிழங்கை எடுத்து, நின்றிருந்த சக்கரத்தின் மேல் போட்டார். படீரென்று கிழங்கு தூள்தூளாகிச் சுவரெங்கும் தெறித்தது. சென்னிமலை பின்வாங்கினார். யாகப்பன் போய்த் தட்டியைப் பிய்த்து எறிந்தார். வெயில் உள்ளே விழுந்தது. ஆரக்கால் ஒன்றும் தெரியவில்லை, பொட்டும் தெரியவில்லை. வெறும் புகைமூட்டமாகச் சக்கரம் பேய்வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"உபகாரம், நிறுத்து" என்று சுவர்த் துவாரத்தில் கத்தினார்.

சக்கரம் ஓய்ந்தது. வேர்த்து விறுவிறுத்து உபகாரசாமி வந்தான். "வெத்தலை கிடைக்கலைண்ணே. மோட்டார்தான் கிடைச்சுது."

"இதென்ன மாயமுங்க?" என்றார் சென்னிமலை.

"மாயமில்லை, கண்ணோட பலவீனம். குண்டு பல்புக்குள்ளே இருக்கிற கம்பி பழுக்கக் காய்ஞ்சு கிடக்கும், அணையறதுக்கு நேரமே இருக்காது. டியூப் லைட் அப்படி இல்லை. நொடிக்கு நூறு தடவை அணைஞ்சு அணைஞ்சு எரியுது. அந்த வேகத்தைப் பிடிக்க மனுசக் கண்ணுக்குச் சக்தி கிடையாது. இடையில வர்ற இருட்டைத் தானே பூசி மெழுகிட்டு, தொடர்ந்து எரியுதுன்னு நம்ம கிட்டச் சொல்லிடுது. சினிமாவிலே குதிரை முன்னாலே ஓடும், வண்டிச் சக்கரம் பின்னாலே சுத்தும், பார்த்திருக்கீங்கல்ல? அதுவும் இந்த ஜாதிதான்."

"நான்கூட வண்டிக்காரன் எதையோ மறந்துட்டு வந்துட்டான்னு நினைச்சேன்" என்றான் உபகாரசாமி.

"ஒரு தடவை அணைஞ்சு எரியறதுக்குள்ளே, ஒரு ஆரக்கால் சரியா அடுத்த ஆரக்கால் இருந்த இடத்துக்கு வந்துட்டா போதும். வெளிச்சம் வர்றபோதெல்லாம் சக்கரம் பழைய கோலத்திலேயே இருக்கும். கண்ணு நிக்குதுன்னு சொல்லும். ஒத்தைப் பொட்டு ஆறு இடத்திலேயும் மாத்தி மாத்தி வெளிச்சத்துல மாட்டும். கண்ணு எல்லாத்தையும் கூட்டி ஆறுன்னு சொல்லும். இந்தக் கணக்கு ஒத்துவரணும்னா சக்கரம் ஒரே ஒரு வேகத்துலதான் ஓடணும். அதுக்குத்தான் புல்லியை மாத்தினது. மோட்டார் சத்தத்தை மேளம் பார்த்துக்கிட்டுது."

பாவாயி சென்னிமலையைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த கொலைவெறியைக் கண்டு மனுஷன் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"அவரைப் பார்க்காதீங்கம்மா" என்றார் யாகப்பன். "முதப் பொட்டு முதலாளி கையிலேன்னு இந்த மில்லுல எல்லாருக்கும் தெரியும். தீட்டுச் சேதிதான் உள்ளே தெரியாது. இந்தக் கண்ணி அவருக்கு வெச்சது. உங்க புருஷன் அதிலே மாட்டினார்."

அவள் பார்வை சென்னிமலையை விட்டுச் சக்கரத்துக்குத் திரும்பியது.

"நீங்க தொடப்போனபோது இந்தச் சக்கரம் நிக்குதுன்னுதான் உங்க கண்ணு சொல்லுச்சு. முதலாளி கண்ணும் அதையேதான் சொல்லுச்சு. இங்க ஒருத்தன் மட்டும்தான் ஓடுதுன்னு கத்தினான். அவன்தான் டியூப் லைட் மாட்டினவன், தட்டி கட்டினவன்."

"சத்தம் கேட்டுது சார்" என்றான் நாச்சிமுத்து. "பெல்ட் சத்தம்."

"இந்தச் சல்லடை இரைச்சலிலேயா? இருபது அடியிலே நின்னுக்கிட்டா? நீ பொட்டு ஆறு தெரியறதைப் பார்த்தே, தம்பி. பார்த்ததும் புரிஞ்சுபோச்சு."

நாச்சிமுத்து சென்னிமலையைப் பார்த்துக் காறித் துப்பினான்.

"ஆமா, இவனுக்குத்தான் வெச்சேன். எங்கப்பன் கெணத்துல மெதந்தப்ப இவன் எட்டிக்கூடப் பார்க்கல. கோயமுத்தூர் மில்லுல வேலை செஞ்சப்ப டியூப் லைட்டுக்கு அடியில ஒருத்தனுக்கு விரல் போச்சு. அன்னிக்கே எனக்கு வழி தெரிஞ்சுபோச்சு. அதுக்காகத்தான் இவன் மில்லுக்கே வேலைக்கு வந்தேன்." அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். "அப்பனுக்காகத்தான்க்கா செஞ்சேன். நீயும்தானே இவன் குடும்பம் அழியோணும்னு சாபம் விட்டே."

விட்டாள். பொய்யில்லை. அந்தச் சக்கரத்தில் போனது சென்னிமலை என்றால், அவள் இந்தத் தம்பிக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பாள். அந்த நினைப்பு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"வாசல்ல இருந்தேன்னியே" என்றாள் மெதுவாக. "நெசமா எங்க இருந்தே?"

"மோட்டார் ரூம்புல."

"தொளை வழியாப் பார்த்துக்கிட்டு இருந்தியா?"

அவன் தலையாட்டினான்.

"தட்டோட வந்தது மச்சான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுக்கா."

"கத்தறதுக்கு நேரம் இருந்துச்சா?"

"கத்தியிருந்தா எல்லாம் வெளிய தெரிஞ்சிருக்கும்க்கா. மறுபடி இவனைப் பிடிக்க முடியாது. யோசிக்கறதுக்குள்ள..."

"இப்ப நான் கையை நீட்டறப்ப யோசிக்காமக் கத்தினியே. அந்த வாயி எங்கூட்டுக்காரருக்கு ஏன் தெறக்கல?"

அவன் அவள் காலில் விழக் குனிந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

பாவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு யாகப்பனிடம் வந்தாள்.

"போலீசுக்கு ஆளனுப்புங்க சாமி. மொதச் சாட்சி நானே வாரேன். இவன் எனக்கு என்ன ஒறவுன்னு கேப்பாங்க. எம்புருசனைக் கொன்னவன்னு எழுதச் சொல்லுங்க. வேற ஒறவு எதுவும் எழுதவேண்டாமுங்க."